அந்த முழங்கால் விஷயம்

ஒக்லாந்தில் ஒரு கூடைப்பந்து அரங்கில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்த ஆட்டக்காரன் ஒருநாள் உடை மாற்றும் அறையில் எழும்ப முடியாமல் இருந்தான். முழங்கால் வீங்கிக் கிடந்தது. தூக்கிவிட்டேன்.

“ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், அங்கிள். இந்தப் பருவத்தில் இன்னும் இரண்டு ஆட்டம்தான், பிறகு ஓய்வு” என்றான்.

சரி என்றேன்.

வீட்டில் மச்சான், “அந்தப் பெரிய ஆட்டக்காரனோட ஒரு சொல்லாவது கதைச்சனியோ? நீ வாயில்லாப் பூச்சியெல்லோ!” என்று சிரித்தான். ரோசத்தில் முழங்கால் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மச்சான் அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான்.

செய்தி பயிற்சியாளர்வரை போனது. மிச்ச இரண்டு ஆட்டத்திலும் அவனை இறக்கவில்லை.

கடைசி நாள் பையோடு வந்து கை குலுக்கினான். “நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், அங்கிள்” என்றான்.

ஓம் என்று தலையாட்டினேன். மச்சானிடம் வாய்விட்டதைவிட அந்தத் தலையாட்டல்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.