நூற்றுப் பதினாறாவது இடம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வாரம் அது அங்கிருந்து இறங்கவே இல்லை.

ஈக்காட்டுத்தாங்கலில் லிஃப்ட்டுக்கான போர்டு செய்யும் சின்னக் கம்பெனியில் மென்பொருள் எழுதுவது என் வேலை. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்காகப் புது போர்டு தயாரித்திருந்தோம். சோதித்துப் பார்க்க மேஜைமேல் ஒரு பொம்மை லிஃப்ட்டும் இருந்தது: பிளைவுட் கதவு, அதற்கொரு மோட்டார், மாடி எண் காட்டும் டிஸ்ப்ளே. எண் மாறும்போதெல்லாம் கதவு ஒரு சாண் திறந்துகொண்டது. நிஜ லிஃப்ட்டில், இரண்டு மாடிக்கு நடுவில், கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்கும்போது இப்படித் திறந்தால்?

"ஒயரிங் கோளாறுதான்" என்றார் முதலாளி.

ஒயரிங் செய்தவர் எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன். அடையாற்றங்கரையில் குடியிருந்த வரைக்கும் சைக்கிளில் வேலைக்கு வந்தவர். அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே குடியேற்றிய பிறகு இரண்டு பஸ் மாறி வருகிறார். மூன்று முறை எல்லா ஒயரையும் பிரித்துத் திரும்ப மாட்டிவிட்டார். கதவு அதுபாட்டுக்குத் திறந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கடைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், அதற்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று முதலாளி அவரிடம் எல்லார் முன்னாலும் சொன்னார்.

அண்ணன் என் மேஜைக்கு வந்தார். "இன்னா மேடம் இது? நம்பர் மாற சொல்லோ மட்டும்தான் தொறக்குது. ஒயரு தப்புன்னா எப்பப் பாத்தாலும்ல தொறக்கணும்?"

சத்தியமான பேச்சு. அவர் மூன்று நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான்கூடக் காது கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

போர்டில் கதவு, டிஸ்ப்ளே எல்லாவற்றுக்கும் முகவரிகள் உண்டு. ஒரு முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் மோட்டார் சுற்றும். இன்னொன்றில் எழுதினால் மாடி எண் மாறும். எதற்கு எங்கே தொடங்கி எதுவரை இடம் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் இயக்கும் டிரைவர் என்கிற குட்டி நிரல், முதலில் இயங்குதளத்திடம் அந்த இடத்தைக் கேட்டு வாங்கவேண்டும். பஸ் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு சீட் பிடிப்பதுபோலத்தான். வேறு யாராவது முன்பே போட்டிருந்தால் கிடைக்காது.

கதவின் டிரைவரைத் திறந்து பார்த்தேன். இடம் கேட்கும் வரியை யாரோ முடக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இது இருந்தால் ஓடமாட்டேன் என்கிறது. தேவையில்லை.' கடைசியில், முன்பெல்லாம் தானே நிரல் எழுதிவந்த முதலாளியின் இனிஷியல்.

பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரிக்கு உயிர் கொடுத்தேன். உடனே கதவு மக்கர் பண்ணியது. இடம் காலியில்லை என்று திரையில் செய்தி வந்தது. பிழைச் செய்தியைப் பார்த்துக் கைதட்டியது வாழ்க்கையில் அன்றுதான். இடத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று இயங்குதளத்திடமே கேட்டேன். டிஸ்ப்ளே என்றது.

எளிய எண்களில் சொல்கிறேன். டிஸ்ப்ளேவுக்கு நூறில் தொடங்கிப் பதினாறு இடம். அப்படியானால் நூற்றுப் பதினைந்தில் முடியவேண்டும். பட்டியல் எழுதிய மகராசன் நூறையும் பதினாறையும் கூட்டி, முடிவு நூற்றுப் பதினாறு என்று போட்டிருந்தார். அந்த நூற்றுப் பதினாறு கதவின் முதல் இடம். மாடி மாறும்போது பழைய எண்ணை அழிக்க, டிஸ்ப்ளே தன் இடம் முழுக்கப் பூஜ்யம் எழுதும். கதவின் இடத்திலும் சேர்த்து எழுதிவிடும். கதவுக்குப் பூஜ்யம் என்றால் திற என்று அர்த்தம்.

ஆறை ஐந்தாக்கினேன். அவ்வளவுதான்.

அண்ணனைக் கூப்பிட்டு பட்டனை அமுக்கச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கதவு அசையவில்லை. நான்காவது மாடியில் நின்ற பிறகு அழகாக, முழுசாகத் திறந்தது. அவர் மறுபடி அமுக்கினார். மறுபடியும். "தோடா!" என்று சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "நான் சொன்னேன்ல? ஒயரைச் சரி பண்ணதும் ஓடுது பாரு."

"இன்னிக்கு ஒயர்ல யாரும் கை வைக்கல சார்" என்று திரையில் அவருடைய இனிஷியல்மேல் விரலை வைத்தேன். குரலைத் தணித்துச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆபீஸ் முழுக்கக் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"என் தப்புதான்" என்றார். அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அண்ணன் கிட்ட சொல்லுங்க சார்."

சொன்னார். வெள்ளிக்கிழமை கடைக்காரர்களிடமும், கேட்காமலேயே, ஒயரிங் முழுக்க இவர் செய்தது என்று அண்ணனின் தோளில் கைவைத்துச் சொன்னார்.

அவர்கள் ஆர்டரை உறுதி செய்துவிட்டுப் போனதும் அண்ணன் என்னிடம் வந்தார். "மூணு தபா கட்னேன் மேடம். ஒரு தபாகூடத் தப்பில்ல. அதையும் எங்கியாவது எழுதி வெய்யி."

முதலாளியின் குறிப்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினேன்: 'இந்த வரியை எடுக்காதீர்கள். ஒயரிங் முதல் தடவையே சரியாகத்தான் இருந்தது.'