அப்பாவுக்கு அடிக்காத மணி

எங்கள் அப்பா இறந்த அன்று கோயில் மணியை அடிக்கவிடாமல் தடுத்தவர் எங்கள் சபைச் செயலாளர். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். "நினைவு மலர்ல போயி சண்டையா, அக்கா?" என்று தம்பி கேட்டான். அப்பாவின் முதலாண்டுக்கு நாங்கள் அச்சிடும் இந்த மலர் செயலாளர் வீட்டுக்கும் போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா திருநெல்வேலிச் சீமையில் மழையை நம்பிப் பிழைத்த ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். எட்டு வயதில் தாத்தாவோடு மலையேறி, சின்னக்கானல் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தார்கள். வயது வந்ததும் தேயிலைக்கு மருந்து அடிக்கும் வேலையில் பேர் பதிந்தார்கள். டேங்கைச் சுமந்து சுமந்து இடது தோள் இறங்கிவிட்டது. அம்மா கொழுந்து எடுத்தார்கள். நானும் தம்பியும் எஸ்டேட் வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் வளர்ந்து படித்தோம். அம்மா போன பிறகு சமையலும் அப்பாதான். அவர்கள் வைக்கும் ரசத்தை வாயில் வைக்க முடியாது. அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

வேலை நேரம் போக, அப்பா எங்கள் வேதக்கோயிலின் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, கூட்டுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் எதிர் லயம் தெரியாது. சபையில் யாராவது இறந்தால் வயதுக்கு ஒன்றாக மணி அடிப்பார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் கையை நிறுத்தி எண்ணுவார்கள். எண்ணி முடிக்கும்போது யார் போனது என்று தெரிந்துவிடும். சபையை விட்டு நீக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அந்த மணி கிடையாது.

அப்பா அரசியல் தெரியாத சாது இல்லை. யூனியன்காரர். வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் நின்று போலீஸ் ஜீப்பில் ஏறியவர்கள். ஆனால் ஊர்வலத்திலிருந்து நேராக ஆராதனைக்கு வருகிறவர்களை வாசலில் நிறுத்துவார்கள். "குடைய வைக்கிற எடத்துல கொடியையும் வச்சிட்டு உள்ள வாங்கய்யா. போகயில மாத்தி எடுத்துட்டுப் போயிராதீங்க" என்பார்கள். வந்தவர்களும் சிரித்துக்கொண்டே கொடியை வைப்பார்கள். மூன்று கட்சிக் கொடியும் ஒரே மூலையில் நீர் சொட்டிக்கொண்டு சாய்ந்திருக்கும்.

பஞ்சாயத்துத் தேர்தலுக்கு முந்தின ஞாயிறு ஒரு வேட்பாளர் ஆராதனைக்கு வந்தார். செயலாளர், பீடத்துக்குப் பக்கத்தில், போதகர் நாற்காலிக்கு இணையாக, அவருக்கு ஒரு நாற்காலி போட்டார். அப்பா போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து முன் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

"என்ன வேலை பாக்கீரு?" என்று செயலாளர் பல்லைக் கடித்தார். "நாளைக்கு இவரு சொன்னாத்தான்வே நமக்கு நெலப் பட்டயம் நகரும்."

"நகரட்டும். வீட்டு மனைக்காக வில்லேஜ் ஆபீஸ்ல நானும் வரிசையில நிக்கேன். இங்க அவரும் நம்மளோட சேர்ந்து முழங்கால் போடட்டும்."

வேட்பாளர் கீழே வந்து உட்கார்ந்தார். தேர்தலில் அவர் ஜெயித்துப் பஞ்சாயத்து மெம்பர் ஆனார். அந்த வாரமே சபைக் கமிட்டி கூடி அப்பாவிடமிருந்து கோயில் சாவியை வாங்கிக்கொண்டது. அப்பா சாவியைத் துண்டில் துடைத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகும் ஒரு ஞாயிறு ஆராதனைகூடத் தவறவில்லை. வீட்டு ஜெபத்தில் அந்த மெம்பர் பேரையும் சொல்லி ஜெபித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஆளுக்குப் போயி ஜெபம் பண்ணுதீங்களேப்பா!"

"அதிகாரத்துல இருக்கவனுக்குத்தாம்மா ஜெபம் அதிகமா வேணும். அவனுக்காகக் கும்பிடலாம். அவனைக் கும்பிடத்தான் கூடாது."

மருந்து அடித்த நெஞ்சு கடைசியில் மூச்சு விட முடியாமல் போனது. எழுபத்தொரு வயதில், ஒரு சனிக்கிழமை காலையில், அப்பா கர்த்தருக்குள் உறங்கினார்கள். அன்று கோயிலின் புதுச் சுற்றுச்சுவர்த் திறப்பு. மெம்பர்தான் சிறப்பு விருந்தினர். மணி அடிக்கப் போன தம்பியைச் செயலாளர் மறித்தார். "மெம்பர் வார நேரத்துல சாவு மணியா? கூட்டம் முடியட்டும்டே." கூட்டம் முடிந்தது. கோயிலைப் பூட்டிவிட்டார்கள். சாவி வரவில்லை.

பக்கத்து லயத்து மாரியப்பன் மாமா எங்கள் சபை இல்லை. அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். காலையில் ஆளைக் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். மாமா போய் அதில் எழுபத்தொரு அடி அடித்தார். "எண்ணிக்கை பெசகல தாயி" என்றார். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

அடக்கத்துக்கு மெம்பரும் வந்தார். "மணிய நிறுத்தச் சொன்னது நானில்லம்மா. எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். நம்புகிறேன். நாற்காலியையும் அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததையெல்லாம் எடுத்துக் கொடுத்தது நாம். இயேசுவை நம்புகிற சபைக்கு ஒரு மெம்பரின் முகம் கோணிவிடுமோ என்று பயம் எதற்கு? அப்பாவுக்கு அந்தப் பயம் ஒரு நாளும் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

போன மாதம் மாட்டுப்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஒங்கப்பாவ சபைய விட்டு நீக்கிட்டாங்களாம்ல? மணிகூட அடிக்கலையாமே?" வாழ்நாளெல்லாம் அந்தக் கோயிலைக் கூட்டியவர்கள் பேரில் இந்தக் கறை நிற்க நான் விடமாட்டேன்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோன பிள்ளைகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த நர்சுகளுக்கும், மழையில் குழி வெட்டிய லயத்துக்காரர்களுக்கும், மாரியப்பன் மாமாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. உங்களை மறக்க மாட்டோம்.

செயலாளர் அவர்களே, வருகிற ஞாயிறு அப்பாவின் முதலாண்டு நினைவு ஆராதனை. அப்பா சாகும்போது சபையில் இருந்தார்களா, நீக்கப்பட்டிருந்தார்களா? இருந்தார்கள் என்றால் மணி ஏன் அடிக்கவில்லை? வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம். ஆராதனை முடிந்ததும், நீங்கள் அந்த நாற்காலியைப் போட்ட அதே இடத்தில் நின்று, சபை முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள். நான் முன் பெஞ்சில் இருப்பேன்.