நாலு மணி வெயிலில் ஒரு கண்ணாடி

அந்த நீல டிரம்மை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தூத்துக்குடிக்கு வெளியே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மெக்கானிக்குக்கு உதவியாள் என்று பேர். பாதி நாள், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்களைக் கழுவுவதுதான் வேலை. "கார் களுவுத மாதிரிதானளா?" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அப்படி இல்லை. கடல் காற்றில் வருகிற உப்பு அலுமினியத் தகட்டைத் தின்னும். உப்பை எடுக்கிறேன் என்று கண்ட மருந்தையும் போட்டால் அது இன்னும் வேகமாகத் தின்னும். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரே கரிப்பு. அதனால் லாரியில் வருகிற நல்ல தண்ணீர், விமானத்தின் கையேடு ஒப்புக்கொண்ட காரமில்லாத சோப்பு, பழைய பருத்தித் துணி, இவ்வளவுதான். புது சோப்பு வந்தால் யார் கண்ணிலும் படாத மூலையில் தடவி ஒரு நாள் விட்டுப் பார்ப்பேன். முன்பக்கக் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றி வெறுங்கையால் தடவி, மணல் போன பிறகுதான் அதில் துணி படலாம். தின்னர், பெட்ரோல், அம்மோனியா கலந்த ஸ்ப்ரே எதுவும் கிட்டே வரக் கூடாது.

ஸ்டோரைப் பார்க்கிற அண்ணாச்சி முன்பு துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்தவர். எந்தப் பேச்சும் கப்பலில் போய்த்தான் நிற்கும். எஞ்சின் அறையின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற மருந்தை ஒரு நீல டிரம் நிறையக் கொண்டுவந்து இறக்கினார்.

"இத விமானத்துல போடக் கூடாது அண்ணாச்சி" என்று அன்றைக்கே சொன்னேன்.

"கப்பலுக்கே ஆகுதது, இந்தத் தட்டாம்பூச்சிக்கு ஆகாதாக்கும்?" என்றார்.

எங்கள் ஊர் சாயர்புரத்தில் கோயில் அசனம் வந்தது. ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து, போகாமல் இருக்க முடியாது. இரண்டு நாள் லீவு போட்டேன். அதற்குள் யாரோ பெரிய மனிதர் பள்ளியைப் பார்க்க வந்திருக்கிறார். போட்டோவுக்கு விமானம் மின்ன வேண்டுமே. அண்ணாச்சி டிரம்மைத் திறந்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது ஆளாளுக்கு அந்த விமானத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். வெளுத்ததெல்லாம் பால் அவர்களுக்கு. நான் குனிந்து அடிவயிற்றைப் பார்த்தேன். தகட்டைப் பிணைக்கிற ஆணிகளைச் சுற்றி அரிப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விமானத்தை வெளியே தள்ளச் சொல்லி, விமானி சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். நிழலில் சுத்தமாகத் தெரிந்த கண்ணாடி, மேற்கு வெயில் பட்டதும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு காட்டியது. ஒவ்வொரு இழையும் எரிந்தது. பத்தடி எதிரே நின்ற மெக்கானிக் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் ஒரு மாணவி, முதல் தடவையாகப் பயிற்சியாளர் இல்லாமல், தனியாக அதில் பறக்க வேண்டும். அன்றைக்கு மேற்கிலிருந்து வீசுகிற மேல்காற்று. காற்றுக்கு எதிராக, சூரியனைப் பார்த்துத்தான் இறங்கியாக வேண்டும்.

"இது பறக்காது" என்றேன்.

அண்ணாச்சி வந்தார். "வெயிலுக்கு எந்தக் கண்ணாடியும் கூசத்தான் செய்யும். சும்மா ரகள பண்ணாதளா."

"ஏறி உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

"எனக்கு வேற சோலி இருக்கு" என்று போயேவிட்டார்.

பயிற்சியாளர் ஏறினார். ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை, இறங்கி வந்து பறப்பை ரத்து செய்தார். அந்தப் பெண் என்னைத்தான் முறைத்தாள். "மூணு வாரமாக் காத்துக் கிடந்தேன்க்கா" என்றாள். அவளையும் ஏறச் சொன்னேன். இறங்கியபோது முறைக்கவில்லை. ஓடுபாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அலுவலகத்தில் எனக்குத்தான் அறிவுரை கிடைத்தது, நாசூக்காகச் சொல்லியிருக்கலாமாம். பெரிய மனிதரோடு விமானம் மின்னுகிற போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். என் மேலும் கோபம்தான். போடக் கூடாத பட்டியல் ஆங்கிலக் கையேட்டிலும் என் மண்டையிலும் மட்டும் இருந்தது. தமிழில் எழுதி அந்த டிரம்மில் ஒட்ட எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஒட்டியிருக்கிறேன், டிரம்மில் அல்ல, ஸ்டோர் கதவிலேயே.

புதுக் கண்ணாடி வந்து பொருத்தியதும், கழற்றிய பழையதை நான் கேட்டு வாங்கினேன். ஸ்டோரின் மேற்கு ஜன்னலில், அண்ணாச்சி நாற்காலிக்கு நேர் எதிரே சாய்த்து வைத்தேன். அன்று நாலு மணிக்கு வெயில் அதில் விழுந்தது. அவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஏளா, இத எடு. ஒண்ணும் கண்ணு தெரியமாட்டேங்கு."

"நாற்காலியத் தள்ளிப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். "மேல பறக்கையில அந்தப் பிள்ளைக்குச் சீட்டத் தள்ளிப் போட வழி இல்லல்லா?"