மாதா கோயில் மைதானத்தில் பெண் பார்த்த கதை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இன்றைக்கு மூன்று அறுவடை இயந்திரங்களுக்குச் சொந்தக்காரி. பூதலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் எனக்குப் பெருமை அதிகம் இன்னொன்றில்தான். ஒன்பது வயதில், மாதா கோயில் மைதானத்தில் எங்கள் சாமியார் திரை கட்டிப் போட்ட வெளிநாட்டுப் படத்தின் கதையை ஊருக்கே விளக்கியவள் நான்.

பாஷை ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு பெண் கால்விரல் நுனியில் நின்று பம்பரமாகச் சுற்றுகிறாள். எதிரே மேசை போட்டு மூன்று பேர், சிரிப்பே இல்லாமல். அவள் ஆடி முடித்ததும் வேண்டாமென்று தலையை ஆட்டி அனுப்பிவிட்டார்கள்.

"பொண்ணு பாக்க வந்திருக்காங்க. புடிக்கலையாம்" என்று உரக்கச் சொன்னேன். மைதானமே ஒப்புக்கொண்டது.

"மூக்கும் முழியுமாத்தானே இருக்கா? இவனுவளுக்கு என்ன கொள்ளை?" என்றார் பெரியம்மா.

"காபி குடுத்தாளா பாருங்க. வெறுங்கையோட வந்து ஆடுனா?" என்றார் பின்னாலிருந்த மாமா.

என் பக்கத்தில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, மட்டும் அந்தப் பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை நான்கு வீட்டார் வந்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவள் நடையைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகப் போயிருந்தார்கள். தகவல் வந்ததில்லை. ஐந்தாவது வீட்டார் வரும் ஞாயிறு வருவதாக இருந்தது.

படத்துப் பெண் அழவில்லை. ஆளில்லாத கூடத்தில் தனியாக மறுபடி ஆடினாள்.

"எப்புடிடி நுனி விரல்ல நிக்கிறா?" வீடு வரும்வரை அத்தை இதையே கேட்டாள்.

"ஷூவுக்குள்ள ஆணி அடிச்சிருக்கு" என்று அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்ததா என்ன!

ஞாயிறு வந்தது. "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அத்தை வாசல்வரை நடந்து திரும்பினாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

"இப்ப அவங்களும் நடக்கட்டுங்க. நானும் பாத்துட்டுத் தகவல் சொல்றேன்."

மாப்பிள்ளை எழுந்தேவிட்டார், பாவம். அவர் அம்மாதான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அடுத்த நிமிடம் எல்லோருமே எழுந்துவிட்டார்கள். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவர்கள் தொடாத கேசரி முழுக்க எனக்கு. தின்று முடித்துக் கொல்லைக்குப் போனேன். முருங்கை மரத்தடியில் அத்தை இரண்டு கைகளையும் மேலே தூக்கி, கால்விரல் நுனியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் ஈரம், முகத்தில் சிரிப்பு.

காய் எட்டவில்லை போலிருக்கிறது என்று, ஓடிப்போய்த் துரட்டியை எடுத்துவந்து நீட்டினேன்.