சேவலுக்குப் போன பாதி மருந்து

செவ்வாய்க்கிழமை காலை டொக்டர் சிவகாமியின் தம்பி கொழும்பிலிருந்து அழைத்தார். "அக்கா போயிட்டா. என்ன மருந்து குடுத்தும் கிருமி அடங்கேல்லை" என்றார். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் எங்கிருந்து எங்கே பரவுகின்றன என்று தேடுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் டொக்டர்.

தொண்ணூறுகளின் நடுவில், பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் அவருக்கு உதவியாளனாகச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், குரல் உயராது. ஆனால் கை கழுவாமல் வந்தால் பெரிய டொக்டரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அதைச் சொன்னபோது, "நல்லது தம்பி. பயமில்லாத ஆளுக்கு இஞ்ச வேலையில்லை" என்றார்.

அடுத்த வருடம், நமுனுகுல தேயிலைத் தோட்டத்திலிருந்த என் அக்காவின் மகள், சிறுமி மலரைக் கால் புண்ணோடு வார்டில் சேர்த்தார்கள். ஏற்கெனவே மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைதான். சீழிலிருந்த கிருமியை வளர்த்து மருந்துகளை வைத்துப் பார்த்தோம். மருந்து வேலை செய்தால் அதைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வளையம் தெரியும். ஒரே ஒரு மருந்துக்குத்தான் தெரிந்தது. அதற்குள் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் புண்ணிலும் அதே கிருமி. மலரின் காலை எடுக்க வேண்டிவரும் என்று வார்டில் பேச்சு அடிபட்டது.

டொக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா குடியிருந்த லயத்துக்கே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கே, போனார். ஓடைத் தண்ணீர், மாட்டுச் சாணம், கோழி எச்சம் என்று எதையும் விடாமல் மாதிரி எடுத்தார். சோதித்தபோது அக்காவின் சேவலிலும், கோழிக்கூடு கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் ஓடையிலும் அதே கிருமி இருந்தது.

மறுபடி போய் விசாரித்தபோது அக்கா உடைந்துபோனாள். "மலருக்காக முனியாண்டி சாமிக்கு நேந்துவிட்ட சேவலுங்கம்மா. சீக்கு வந்து தலைய தொங்கப்போட்டுருச்சு. அது செத்தா எம்புள்ளைக்கும் ஆகாதுன்னு பயந்து, அவளுக்குக் குடுத்த மாத்திரையில பாதிய நசுக்கி அதோட தண்ணியில கலந்துட்டேங்க."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாதி மருந்து கிருமியைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கித்தான் விடும். டொக்டர் என்னைக் கையமர்த்திவிட்டு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"திருவிழா வரைக்கும் வச்சிருக்கோணுமோ? இண்டைக்கே குடுத்தா சாமி ஏற்காதோ?"

"ஏத்துக்குமுங்க."

"அப்ப குடுங்கோ. ஆனா சமைக்க வேண்டாம். ஆழமாப் புதைக்கோணும்."

"சாமி கோவிச்சுக்குமேங்க."

"கோவம் வந்தா என்னில வரட்டும்."

அன்று மாலையே சேவலைப் பலி கொடுத்துப் புதைத்தார்கள். மிஞ்சியிருந்த அந்த ஒரே மருந்து மலரின் காலைக் காப்பாற்றியது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம், டொக்டரைத் தவிர. "ஆஸ்பத்திரியில இருந்து லயத்துக்குப் போச்சோ, அங்கயிருந்து இஞ்ச வந்ததோ தெரியேல்லை. சேவலைப் புதைச்சம். ஓடையை எங்க தம்பி புதைக்கிறது?" என்றார்.

நேற்று கொழும்பில் அவருடைய இறுதிச் சடங்கு. மலர் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "எனக்குக் கால் குடுத்தவங்க, மாமா" என்று அழுதபடி, குழந்தையின் தலையை அவருடைய பாதத்தில் வைக்கக் குனிந்தாள். எந்த மருந்துக்கும் அடங்காத அந்தக் கிருமி அவர் உடம்பில் இன்னும் இருக்கலாம். நான் பாய்ந்து அவளைப் பிடித்து இழுத்துவிட்டேன். கூடியிருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். மலரின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் நான் பிடியை விடவில்லை. எட்ட நின்றே கும்பிட்டோம்.

போய் வாருங்கள், டொக்டர். அந்தக் கூட்டத்தில் நீங்கள் ஒருவர்தான் என்னைத் தவறாக நினைத்திருக்கமாட்டீர்கள்.