பைக்குள் கூவிய செம்போத்து

நான் செய்த திருட்டுத்தனத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திருமுல்லைவாயில் பக்கம் ஓர் ஏரிக்கரைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துப் போயிருந்தேன். ஒரு மணி நேரமாகியும் ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. பிள்ளைகள் வெறும் தாளோடு திரும்பக் கூடாதே என்று, பைக்குள்ளிருந்த போனில் செம்போத்தின் குரலை ரகசியமாக ஓடவிட்டேன்.

கோரைப்புல்லுக்குள்ளிருந்து நிஜச் செம்போத்து ஒன்று வெளியே வந்தது. பறக்காமல், சிவந்த கண்ணோடு நேராக என்னை நோக்கி நடந்தது.

"மிஸ், அது இன்னா உங்க பையையே சுத்திகினு கீது?" என்றாள் மாணவி மும்தாஜ்.

பயந்துபோய் போனை அணைத்தேன். செம்போத்து கூவியது. பதிலுக்காகத் தலைசாய்த்துக் காத்திருந்தது. மறுபடி கூவியது. ஏரியில் வேறெதுவும் வாய் திறக்கவில்லை.

பிள்ளைகள் சந்தோஷமாக 'செம்போத்து: ஒன்று' என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டு என்று நம்பி வந்தது அது மட்டும்தான்.