காபி குடித்தால் கை நனையாது

ஸ்பெயின் நாட்டுத் துப்பறியும் நாவல் ஒன்றைத் தமிழில் பெயர்க்க ஒப்புக்கொண்டபோது, அதில் இவ்வளவு சமையல் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, ஆங்கிலத்திலிருந்துதான் செய்தேன். ஒரு கட்சி. அதன் நகரச் செயலாளர் விருந்துக்கு நடுவே செத்து விழுகிறார். துப்பறிய வருகிறவரோ பிணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்பங்கரைக்குப் போய்ச் சட்டியை முகர்ந்து பார்க்கிறார். அத்தியாயத்துக்கு ஒரு சந்தேகம், ஒரு மேடைப் பேச்சு, ஒரு குழம்பு. ஆக்டோபஸ் வேகவைக்கும் பக்கத்திலேயே பல நாள் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் இருப்பது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். கடலிலிருந்து வருவதில் எனக்குத் தெரிந்தது வஞ்சிரமும் உப்பும்தான்.

என் கணவர் வீட்டு முன்னறையில் பட்டுப் புடவை விற்கிறவர். வெளியூரிலிருந்து புடவை எடுக்க வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் 'பார்ட்டி' என்று பெயர். பார்ட்டியில் ஒரு கொலை நடக்கிறது, அதைப் பற்றிய புத்தகம் என்று நான் சொன்னதும், மடித்துக்கொண்டிருந்த புடவையை அப்படியே விட்டுவிட்டு, "எந்த ஊரு பார்ட்டி?" என்று கேட்டார். பெங்களூர் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. அன்று மாலைவரை அவரை அப்படியே விட்டுவைத்தேன்.

வீட்டில் உண்மையான கட்சிக்காரன் என் கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் அரை டிராயரோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இன்று தலை நரைக்கத் தொடங்கிவிட்டது என்றாலும் எனக்கு 'அவன்' என்றுதான் வாயில் வரும். கொடி கட்டி, நாற்காலி போட்டு, தலைவர்கள் வந்தால் வெயிலில் நின்று கோஷம் போட்டு அவன் இளமை முழுவதும் கட்சிக்கே போயிற்று. எங்கள் வார்டில் கவுன்சிலருக்கு நிற்கச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. இந்த முறையும் கிடைக்காவிட்டால் கட்சியை விட்டே விலகிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கும் பாவமாக இருந்தது.

சீட்டைத் தீர்மானிக்கிறவர் எங்கள் ஊர் நகரச் செயலாளர். அவரை ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தான். வெறும் சாப்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் முடிவாகும்வரை கை நனைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சை மாற்ற முடியாது. காபி குடிக்கலாம், அதில் கை நனையாது. கட்சியிலும் அதே வழக்கம்தான். செயலாளர் எங்கள் வீட்டில் கை நனைத்தால் சீட்டு எங்களுக்கு.

அதனால் காலையிலிருந்தே அடுப்படியில் இருந்தேன். சனிக்கிழமை என்பதால் கறி கிடையாது. செயலாளருக்குக் கோயில் இட்லி என்றால் உயிர் என்று கொழுந்தன் விசாரித்து வைத்திருந்தான். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் தட்டிப்போட்டு, கோயிலில் வேகவைக்கிற மூங்கில் கூடைக்கு எங்கே போவது என்று டம்ளர்களில் ஊற்றி வேகவைத்தேன். வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், பால் பாயசம் எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்துப் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. விருந்து அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்டார் ஆசிரியர். அடுப்படியில் சிக்னல் சரியாக இருக்காது. கத்தித்தான் பேச வேண்டும்.

"செயலாளரை இன்னிக்கே முடிச்சிடறேன் சார். சோத்துலதான் வச்சிருக்குது. ஒரு வாய் போட்ட ஒடனே விழுந்துடுவாரு."

திரும்பினால், வெள்ளை வேட்டி சட்டையில் செயலாளர் கூடத்தில் நிற்கிறார். பக்கத்தில் கொழுந்தன், செத்தவன் மாதிரி. என் கையில் கரண்டி.

நான் ஏதோ உளறி, அது கதை, புத்தகம் என்றெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். உட்கார்ந்தார். இலை போட்டேன். இலையைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார், கைகூப்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கமா. இன்னைக்கு எனக்கு விரதம். காபி மட்டும் குடுங்க."

கொழுந்தன் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தான். போனில் பேச உங்களுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா அண்ணி என்று மெதுவாகக் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண் கலங்கியிருந்தது. என் கணவர் எட்டிப்பார்த்து, உன் புத்தகத்தைப் பாலாற்றில் போடு என்று சொல்லிவிட்டுப் போனார். பாலாற்றில் தண்ணீர் இல்லை, போட்டாலும் காய்ந்துதான் கிடக்கும் என்று வாய்வரை பதில் வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செயலாளர் ஆற்றி, ரசித்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விஷத்துக்குப் பயப்படுகிறவர், கொலைகாரி கையால் போட்ட காபியை இப்படியா குடிப்பார்? துப்பறிவாளர் மாதிரி எனக்கும் மூக்கு விடைத்தது.

வெளியே காரில் அவருடைய டிரைவர் இருந்தார். ஒரு டம்ளர் மோரை எடுத்துக்கொண்டு போய், நீங்களும் விரதமா என்று விசாரித்தேன்.

"நமக்கு இன்னாமா விரதம்? காலையில வாலாஜாபாத்ல அண்ணனும் நானும் இடியாப்பம் பாயா அடிச்சிக்கினுதான் வந்தோம்."

உள்ளே வருவதற்குள் வழக்கு முடிந்துவிட்டது. விரதம் பொய். விஷ பயமும் பொய். மிச்சம் இருந்தது ஒரே காரணம். சீட்டை வேறு யாருக்கோ சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் கை நனைத்தால் மாட்டிக்கொள்வார். என் போன் பேச்சு ஒரு பாவமும் செய்யவில்லை. எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் கலந்திருந்தது.

நல்ல வேளையாக அவரே பேச்சை எடுத்தார். போனில் யாரையோ முடிப்பதாகச் சொன்னீர்களே, அவர் யார் என்றார். எதிரே உட்கார்ந்து கதையைச் சொன்னேன். ஸ்பெயினிலும் நகரச் செயலாளர் உண்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே கோஷ்டி உண்டா, போஸ்டரில் யார் படம் பெரிதாக இருக்கும் என்றெல்லாம் கேட்டார். அப்புறம் துப்பு எப்படிக் கிடைத்தது என்றார்.

"செத்தவரு மொதல்ல தனக்கு விரதம்னுதான் சொல்லியிருக்காரு அண்ணே. துப்பறியறவரு வவுத்தப் பாத்துட்டு, காலையிலயே இடியாப்பம் பாயா உள்ள போயிருக்குதுன்னு சொல்லிட்டாரு."

அவர் காலி டம்ளரைக் கீழே வைத்தார். கொழுந்தன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஸ்பெயின்லயும் பாயா இருக்குதாமா?"

"வாலாஜாபாத்லயே கெடைக்குது, ஸ்பெயின்ல கெடைக்காதா அண்ணே?"

"எதுக்காக அவரக் கொன்னாங்களாம்?"

"ஒரே சீட்ட ரெண்டு பேருக்குச் சொல்லிட்டாராம்."

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலையை மறுபடி போடச் சொன்னார். இட்லியைப் பிட்டு வத்தக்குழம்பில் தோய்த்து அவர் வாயில் வைத்தபோது கொழுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டான். பாயசம்வரை எதையும் அவர் விடவில்லை.

நாவலில் பாயா கிடையாது. செயலாளரைக் கொன்றதும் சீட்டு விவகாரம் அல்ல, ஒரு பழைய காதல். மூலத்தை மாற்றக் கூடாது என்று பதிப்பகத்தில் சொன்னது அச்சில் வருவதற்குத்தானே தவிர, கூடத்தில் உட்கார்ந்து சொல்வதற்கு இல்லை.

கொழுந்தனுக்குச் சீட்டு கிடைத்தது. ஜெயித்தும்விட்டான். தெருவே வெடி வெடித்தது. எனக்கு ஒரு சால்வை போர்த்தினான். புத்தகமும் வெளிவந்தது.

இந்த மழைக்கு எங்கள் தெருச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு, எதிர்வீட்டுத் தறிக் குழிக்குள் தண்ணீர் போய்விட்டது. நெய்கிறவர் கால் வைக்க முடியாமல் பாவு நூலை மூட்டைகட்டி வைத்திருக்கிறார். நம் வீட்டுக் கவுன்சிலர்தானே என்று அவர் மனைவி என்னிடம் வந்து சொன்னாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் கோயில் இட்லி செய்து, கொழுந்தன் எதிரே தட்டை வைத்துவிட்டு, சாக்கடைப் பேச்சை எடுத்தேன். புது வடிகால் முதலில் நம் தெருவுக்குத்தானே என்றேன்.

அவன் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. தட்டை மெதுவாக நகர்த்தினான்.

"இன்னைக்கு எனக்கு விரதம் அண்ணி. காபி மட்டும் குடுங்க."

வடிகாலை யாருக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சோறு கேட்டவன். அடுப்படிக்குப் போய் நல்ல டிகாஷனாக இறக்கி, நுரை வர ஆற்றி, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த உப்பை இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி அவன் கையில் கொடுத்தேன்.